லண்டன் பாலத்தின் பழைய தலைவாசல்: புனித மாக்னஸ் ஆலயம்

லண்டனில் மான்யுமென்ட் நிலத்தடி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஃபிஷ் ஸ்ட்ரீட் ஹில் என்ற சிறிய சரிவுத் தெருவில் தேம்ஸ் நதியை நோக்கி இறங்கினால், நான்கு நிமிட நடையில் ஒரு வெண்கல் கோபுரம் எதிரே வந்து நிற்கும். அதன் உச்சியில் எண்கோண மாடமும், அதன்மேல் ஈயத்தகடு வேய்ந்த குவிமாடமும், அதற்கும் மேலே ஊசிமுனையும் இருக்கும். அதுதான் புனித மாக்னஸ் மறைசாட்சி ஆலயம். இடையில் லோயர் தேம்ஸ் ஸ்ட்ரீட் என்ற அகலமான வாகனச் சாலை குறுக்கிடுவதாலும், வலப்பக்கம் அடிலெய்டு ஹவுஸ் என்ற பெரிய அலுவலகக் கட்டடம் நெருக்கி நிற்பதாலும், பலர் இக்கோபுரத்தைப் பார்த்தும் பாராமல் பாலத்துக்கு ஏறிப்போய்விடுகிறார்கள். செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கும் ஆளுக்கு ஒரு பெரிய தொகை கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கும் நம்மவர்களுக்கு, கட்டணமே இல்லாத இந்த ஆலயத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். மூன்று முறை போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஆலயம் நிற்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதன் கட்டடக்கலையில் பாதி அந்த இடத்தால் உண்டானது. 1176-இல் தொடங்கி 1209-இல் முடிக்கப்பட்ட பழைய கல் பாலம், இப்போதைய பாலத்துக்குச் சற்றுக் கிழக்கே, நேராக இந்த ஆலயத்தின் காலடியில் வந்து சேர்ந்தது. பாலத்தின்மேல் இருபுறமும் வீடுகளும் கடைகளும் இருந்தன, நடுவே புனித தாமஸ் பெக்கெட் பெயரில் ஒரு சிற்றாலயம் இருந்தது. தெற்கிலிருந்து லண்டன் நகருக்குள் காலடி வைத்த வணிகரும் யாத்திரிகரும் மீன் சுமப்பவரும் முதலில் கடந்த ஆலயம் இதுவே. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாலத்து வீடுகளை இடித்துப் பாதையை அகலப்படுத்தியபோது, கோபுரம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதனால் ஆலயத்தின் மேற்கு முனையில் பக்கக்கூடங்களின் பகுதிகள் நீக்கப்பட்டன. கோபுரத்தின் அடித்தளச் சுவர்கள் திறக்கப்பட்டு, அதன் வளைவுகளுக்கு ஊடாகவே பாலத்தின் நடைபாதை செலுத்தப்பட்டது. 1763 முதல் 1831 வரை, ஏறத்தாழ 68 ஆண்டுகள், பாலத்தின் கிழக்கு நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் இந்தக் கோபுரத்தின் வயிற்றுக்குள் புகுந்துதான் போனார்கள்.

1831-இல் பொறியாளர் ஜான் ரென்னி வடிவமைத்த புதிய பாலம் ஏறத்தாழ முப்பது மீட்டர் மேற்கே திறக்கப்பட்டதும் பழைய பாலம் இடிக்கப்பட்டது, கூட்டமும் அதனோடு நகர்ந்தது. ஆனால் வளைவுகள் அப்படியே இருக்கின்றன. நீங்கள் இன்று கதவைத் திறந்து உள்ளே நுழைவதற்கு முன் நிற்கும் அந்தக் கல்தளம், ஒரு காலத்தில் லண்டன் பாலத்தின் சாலை. கோபுரத்துக்கு முன்னுள்ள சிறு முற்றத்தில் பழைய பாலத்தின் கற்கள் சில கிடக்கின்றன. காப்பிக் கோப்பையோடு அலுவலகப் பணியாளர்கள் அவற்றின்மேல் அமர்ந்திருப்பதைப் பார்த்தேன். தாம் அமர்ந்திருக்கும் கல் எதனுடையது என்று அவர்களில் ஒருவருக்காவது சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

வாசல் மண்டபத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது. கருத்துச் சுருங்கிய ஒரு பெரிய மரத்துண்டு, தூண் போல நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. 1931-இல் ஃபிஷ் ஸ்ட்ரீட் ஹில்லில் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த இது, ரோமானியர் கால நதித்துறையின் மரம் என்றும் கி.பி. 75-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றும் அதன்மேலுள்ள குறிப்பு சொல்கிறது. கண்ணாடிப் பெட்டி கிடையாது, வேலி கிடையாது. மழைச்சாரல் படும் தூரத்தில், நம் வீட்டுத் திண்ணைத் தூணைப் போல நிற்கிறது. அதன் வெடிப்புகள் விரல் நுழையும் அளவுக்கு ஆழமானவை, மரத்தின் நார் நெடுக்குவாட்டில் கயிறு முறுக்கியது போல் ஓடுகிறது. நான் கை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் முகத்தை மிக அருகில் கொண்டுபோனபோது ஈரமண்ணின் மணம் இன்னும் இருப்பதாகவே தோன்றியது. அருங்காட்சியகத்தில் இருந்திருந்தால் இதற்கு இதைவிட நல்ல விளக்குகள் கிடைத்திருக்கும். ஆனால் இந்த மரம் தாங்கி நின்ற நதித்துறையும் இந்த ஆலயமும் ஒரே கரையைச் சேர்ந்தவை என்ற செய்தி அங்கே கிடைத்திருக்காது.

கோபுரத்தில் இருந்து தெருப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்காமல் உள்ளே போய்விடாதீர்கள். 1709 என்ற ஆண்டைத் தாங்கிய இக்கடிகாரம், அவ்வாண்டு நகரத் தலைவராக இருந்த சர் சார்லஸ் டன்கோம்பின் கொடை. செயின்ட் பால்ஸுக்குக் கடிகாரம் செய்த லாங்லி பிராட்லியே இதையும் செய்தார். ஏழைப் பையனாக இருந்தபோது தன் முதலாளிக்காகப் பாலத்தில் காத்திருந்து, மணி தெரியாமல் தவித்த டன்கோம்ப், பிற்காலத்தில் வசதி வந்தால் இந்த இடத்தில் ஒரு கடிகாரம் வைப்பேன் என்று நேர்ந்துகொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், கடிகாரம் பாலத்துப் பாதையை நோக்கித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாலம்தான் அங்கே இல்லை.

ஆலயத்தின் வயதைச் சொல்லும்போது இரண்டு கணக்குகள் உண்டு. இந்த இடத்தில் வழிபாடு 12-ஆம் நூற்றாண்டு முதலாவது நடந்துவருகிறது. கட்டடமோ 17-ஆம் நூற்றாண்டினுடையது. 1666 செப்டம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டி அடுமனையில் பிடித்து, நகரின் பெரும்பகுதியை எரித்த நெருப்பு, முதலில் விழுங்கிய ஆலயங்களில் இதுவும் ஒன்று. மேட்டில் நிற்கும் மான்யுமென்ட் என்ற 202 அடி உயரத் தூண், அதே நெருப்பில் அழிந்து மீண்டும் கட்டப்படாத புனித மார்கரெட் ஆலயத்தின் இடத்தில்தான் எழுப்பப்பட்டது. அந்த ஆலயத்தின் பங்கு மக்களும் புனித மாக்னஸோடு சேர்க்கப்பட்டார்கள். மனத்தை உறுத்திய ஒரு செய்தி: அந்த ஃபாரினரும் இந்த ஆலயத்தின் பங்கைச் சேர்ந்தவர், நெருப்புக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரை அடக்கம் செய்யும்போது எரிந்த ஆலயம் இன்னும் மீண்டும் கட்டி முடிந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கட்டடக் கலைஞர் சர் கிறிஸ்டோபர் ரென்னின் பொறுப்பில் 1671 முதல் 1676 வரை புதிய கட்டடம் எழுந்தது. செலவு ஏறத்தாழ 9,600 பவுண்டு. நெருப்புக்குப் பின் ரென் கட்டிய ஆலயங்களில் அதிகம் செலவான சிலவற்றில் இதுவும் ஒன்று என்றால், நகரத்தின் தலைவாசல் என்ற மதிப்பு அதற்கு இருந்தது என்று பொருள். கோபுரத்தின் மேற்பகுதி மட்டும் 18-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில்தான் முடிந்தது. 185 அடி உயரமுள்ள இந்தக் கோபுரத்தின் வடிவத்துக்கு முன்மாதிரி, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள புனித சார்லஸ் பொரோமியோ ஆலயம் என்பார்கள். அது இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் கட்டிய ஆலயம். போப்பாண்டவரின் பெயரைக் கேட்டாலே லண்டன் கொதித்த அந்தக் காலத்தில், லண்டன் பாலத்தின் வாசலில் ஒரு இயேசு சபைக் கோபுரத்தின் சாயலை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஆலயம் பிற்காலத்தில் எந்தத் திசையில் போகப்போகிறது என்பது கல்லில் முன்கூட்டியே எழுதப்பட்டது போல எனக்குப் படுகிறது.

இனி உட்புறம். கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது சாம்பிராணியின் மணம். அதுவும் அன்றன்று போட்ட தூபத்தின் மணம் அல்ல. பல ஆண்டுகளாக மரத்திலும் சுவரிலும் ஊறி, வாரநாளில் யாரும் இல்லாத வேளையிலும் மெல்லக் கசியும் மணம். பிறகு கண் பழகப் பழக இடம் விரிகிறது. நெடுக்குவாட்டில் வரிவரியாகக் குடைந்த, அயோனியம் என்ற கிரேக்கப் பாணித் தூண்கள் இரு வரிசையாக ஒல்லியாக உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் தலைப்பில் ஆட்டுக்கொம்பு போல் இருபுறமும் சுருண்ட சுருள்கள் பொன் பூசப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் அரைவட்டமாக வளைந்த வெண்ணிற வளைகூரை நீள்கிறது, அதன் சரிவில் நீள்வட்டச் சாளரங்கள் பதிந்திருக்கின்றன. ரென்னின் ஆலயங்களில் பலவற்றில் ஒரே பார்வையில் முழு இடமும் பிடிபட்டுவிடும். இங்கே அப்படி அல்ல. தூண்கள் நடுக்கூடத்தையும் பக்கக்கூடங்களையும் பிரித்தாலும், அவை ஒல்லியாக இருப்பதால் நடக்க நடக்கக் காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. பீடம் ஒரு தூணுக்குப் பின்னே மறைந்து அடுத்த தூணுக்கு முன்னே வெளிப்படுகிறது. நம் கோயில் மண்டபங்களில் நடந்து பழகிய கண்ணுக்கு இந்த இன்பம் உடனே விளங்கும்.

வெளிச்சம் ஒருபக்கமாக வருவதைப் பார்த்து நான் முதல் நாள் குழம்பினேன். தெற்குச் சுவரில் பெரிய சாளரங்கள் இருக்கின்றன. வடக்குச் சுவரிலோ மேலே சிறு வட்டங்கள் மட்டும். காரணம் அழகியல் அல்ல, இரைச்சல். அருகிலிருந்த பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையின் சந்தடி தாங்க முடியாமல் போனதால், 1782-இல் வடக்குச் சாளரங்களை அடைத்து வட்டத் துளைகளாகச் சுருக்கிவிட்டார்கள். அன்று இரும்புப்பட்டை அடித்த சக்கரங்கள். இன்று பேருந்துகளும் சரக்கு லாரிகளும். இருநூற்று நாற்பது ஆண்டுகளாக அதே சுவர் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, முழுமையாக அல்ல. ஜெபத்தின் நடுவே ஒரு லாரி கியர் மாற்றும் ஒலி தெளிவாகக் கேட்கும். ஆனால் அந்தச் சுவர் எடுத்த முடிவு எதிர்பாராத ஒரு நன்மையையும் செய்தது: வெளிச்சம் தெற்கிலிருந்து மட்டும் சாய்ந்து விழுவதால் தூண்களின் வரிகள் ஒவ்வொன்றும் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலுமாகத் துலங்குகின்றன. இருபுறமும் ஒளி வந்திருந்தால் அவை தட்டையாகத் தோன்றியிருக்கும்.

இந்த உட்புறத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் கவிஞர் டி. எஸ். எலியட். அருகே வங்கியில் பணிபுரிந்த அவர், 1922-இல் வெளிவந்த தம் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதையில், மீன் சந்தைத் தொழிலாளர்கள் நண்பகலில் ஓய்ந்திருக்கும் மதுக்கடையின் அருகே, வெண்மையும் பொன்னுமான அயோனிய ஒளியைத் தாங்கும் சுவர்களாக இவ்வாலயத்தைக் காட்டினார். கவிதைக்குத் தாமே எழுதிய குறிப்பில், ரென்னின் உட்புறங்களில் மிகச் சிறந்தவற்றுள் இது ஒன்று என்ற தம் கருத்தைச் சொன்னதோடு, நகரத்தில் பத்தொன்பது ஆலயங்களை இடிப்பதற்கு அப்போது முன்வைக்கப்பட்டிருந்த திட்டத்தையும் சுட்டினார். அந்தத் திட்டம் வெறும் மிரட்டல் அல்ல. நகரில் குடியிருப்போர் குறைந்துவிட்டார்கள், நிலத்தின் விலை ஏறிவிட்டது, ஆலயங்களை இடித்து நிலத்தை விற்றால் புறநகரில் புதியவை கட்டலாம் என்பது அன்றைய வாதம். நம் ஊரிலும் பழைய ஆலயங்களைப் பற்றி இதே வாதத்தை இதே தொனியில் கேட்டிருக்கிறோம். அதனால்தான் இந்த இடத்தில் சற்று நின்று சொல்கிறேன்.

ஆலயத்தைக் காத்ததில் கவிதைக்கு எவ்வளவு பங்கு என்று அளக்க முடியாது. இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் 1921 முதல் 1959 வரை குருவாக இருந்த ஹென்றி ஃபைன்ஸ்-கிளின்டன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆங்கிலோ-கத்தோலிக்க மரபு என்பதை நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் பிறந்த ஒரு புதுச் சபை அல்ல, அப்போஸ்தலர் காலம் முதல் அறுபடாமல் வரும் பொதுத் திருச்சபையின் இங்கிலாந்துக் கிளையே அது என்ற நம்பிக்கை, 1833-இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய இயக்கத்தால் வலுப்பெற்றது. அந்த நம்பிக்கையிலிருந்து நற்கருணைக்கு முதலிடம், பாவசங்கீர்த்தனம், தூபம், பூசை உடைகள், மாதாவுக்கு வணக்கம் எல்லாம் படிப்படியாகத் திரும்பி வந்தன. ஃபைன்ஸ்-கிளின்டன் அந்த மரபிலும் ரோமுக்கு மிக அருகில் நின்றவர். இவர் வந்தபின் மார்ட்டின் டிராவர்ஸ் என்ற கலைஞரை அழைத்து, 1924-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆலயத்தின் உட்புறத்தை மறுபடி அலங்கரிக்கச் செய்தார். மோசேயும் ஆரோனும் தீட்டப்பட்ட 17-ஆம் நூற்றாண்டுப் பீடத் திரை மேல்நோக்கி வளர்க்கப்பட்டது, பொன் ஏறியது, பக்கப் பீடங்கள் அமைந்தன, இங்கிலாந்தின் யாத்திரைத் தலமான வால்சிங்ஹாமின் மாதாவுக்கு இடம் கிடைத்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளின் பிரபுவாக இருந்து, போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்றும் உறவினரின் கட்டளையாலேயே வெட்டுண்டு இறந்தவர் என்றும் போற்றப்படும் புனித மாக்னஸின் சொரூபத்தையும் அவர் அமைத்தார். கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நிற்கும் அந்தச் சொரூபம் குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகும்.

டிராவர்ஸ் செய்தது ரென்னின் அடக்கமான உட்புறத்தின்மேல் போர்த்திய இத்தாலியப் பட்டாடை என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் சிலர் குறை சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. ரென்னின் கட்டடம் ஒரு நல்ல பாத்திரம். அது எதற்காக வனையப்பட்டதோ அந்த வேலை அங்கே நடக்க வேண்டும். 1920-களில் பங்கு மக்கள் ஏறத்தாழ இல்லாமலே போன நகர ஆலயங்களில், சுவர் மட்டும் சுத்தமாகப் பாதுகாக்கப்பட்டவை பல இன்று கச்சேரி அரங்குகளாகவும் கூட்ட அறைகளாகவும் நிற்கின்றன. இங்கே பொன் பூசிய பீடம் ஆட்களை அழைத்தது, ஆட்கள் வந்ததால் மெழுகுதிரி எரிந்தது, மெழுகுதிரி எரிந்ததால் 1940-இல் அருகே விழுந்த குண்டின் அதிர்வில் கூரை சேதமடைந்த பிறகும் அதைச் சீராக்க மனிதர்கள் இருந்தார்கள். 1951-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கோபுரத்தின் மாதிரியே ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்ததென்றால், டிராவர்ஸின் பொன்வேலையை அந்நியம் என்று எப்படிச் சொல்வது? 1670-களின் எலும்பும் 1920-களின் சதையும் சேர்ந்ததுதான் இந்த ஆலயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றால் இரண்டுமே கெடும்.

இந்த இடத்தில் என் சொந்த நிலையையும் சொல்லியாக வேண்டும். நான் திருநெல்வேலித் தென்கோடியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் முதியவர்கள் இன்றும், அங்கே ஊழியம் செய்த இரண்டு ஆங்கில மிஷன் சங்கங்களின் பெயரால், எஸ்.பி.ஜி. வழி, சி.எம்.எஸ். வழி என்று ஊர்களைப் பிரித்துப் பேசுவார்கள். நாங்கள் எஸ்.பி.ஜி. வழி, பீடத்துக்குத் தலைவணங்குவதும், பண்டிகைக் காலத்துக்குத் தகுந்தபடி பீடத்துணியின் நிறம் மாறுவதும் எங்களுக்குப் பழக்கம். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினரும் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இங்கிலாந்தின் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள். பேராயரின் கைவைத்தலால் குருப்பட்டம் பெறாதவர்களின் ஊழியத்தையும் ஒரு காலத்துக்கு ஏற்றுக்கொள்வது திருச்சபையின் ஆணிவேரை அறுப்பதாகும் என்பது அவர்களுடைய அச்சம். இவ்வாலயத்தைப் பாடிய அதே எலியட், 1943-இல் தென்னிந்திய இணைப்புத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூலே எழுதினார். அந்த இணைப்பில் பிறந்த ஒருவன் இந்தப் பெஞ்சில் அமர்ந்து ஜெபிக்கும்போது அதை மறந்துவிட முடியாது. மனக்கசப்போடு அல்ல, எங்கள் தாத்தாக்கள் எடுத்த முடிவு இந்தச் சுவர்களுக்குள்ளும் வலித்திருக்கும் என்ற அறிவோடு அமர்ந்திருந்தேன். இன்றும் இந்த ஆலயம் பெண்களின் குருத்துவத்தை ஏற்காத மரபைச் சேர்ந்தது என்பதையும், பெண் குருமாரைப் பார்த்துப் பழகிய சி.எஸ்.ஐ. வாசகர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஞாயிறு முற்பகல் பாடற்பூசையில் ஒருமுறை கலந்துகொண்டேன். குருவானவர் மக்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நிற்கிறார். தூபக்கலசத்தை வீசும் பீடப்பணியாளரின் கை ஒரே சீராகப் போய்வருகிறது. சங்கிலி கலசத்தின் மூடியில் தட்டும் சிறிய ஒலி, பாடல் ஓய்ந்த ஒவ்வொரு இடைவெளியிலும் தாளம் போலக் கேட்கிறது. புகை மேலெழுந்து, தெற்குச் சாளரத்திலிருந்து விழும் ஒளிக்கற்றையைத் தொட்டதும், அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த அந்தக் கற்றை ஒரு சாய்ந்த தூணைப் போலத் திரண்டு நிற்கிறது. கல் தூண்களுக்கு நடுவே ஒளித் தூண். ரென் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார், ஆனால் அவர் வைத்த சாளரம் இல்லாமல் இது நடக்காது. வெறும் சுற்றுலாவாகப் போய் வாரநாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காதது இதுதான். நம்பிக்கை வேறாக இருந்தாலும் ஒருமுறை பூசை வேளையில் போய்ப் பின்வரிசையில் அமைதியாக அமருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

பீடத்துக்கு அருகே கிழக்குச் சுவரில் மைல்ஸ் கவர்டேலின் நினைவுக்கல் இருக்கிறது. 1535-இல் முதன்முதலாக முழு விவிலியத்தையும் ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டவர் இவர். 1564 முதல் 1566 வரை இந்த ஆலயத்தின் குருவாக இருந்தார். சட்டம் கட்டாயமாக்கிய பூசை உடைகளை அணிய இவருடைய மனச்சாட்சி ஒப்பவில்லை. முதிர்ந்த வயதில் பொறுப்பை விட்டு விலகினார். 1569-இல் வேறோர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எலும்புகள், அந்த ஆலயம் இடிக்கப்பட்டபோது 1840-இல் இங்கே கொண்டுவரப்பட்டன. பூசை உடைக்கு மறுத்தவர், இங்கிலாந்திலேயே பூசை உடைகளை மிகுந்த பக்தியோடு அணியும் ஆலயங்களில் ஒன்றில், பீடத்தின் அருகிலேயே துயில்கிறார். அவருடைய கல்லின் முன்னே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. சண்டைகளைத் தாண்டி ஒரு திருச்சபை தன் மூதாதையரை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை அந்தச் சுடரில் பார்த்தேன்.

மேற்கு மாடத்திலுள்ள இசைக்கருவியைப் பற்றி ஒரு சொல். 1712-இல் ஆபிரகாம் ஜோர்டன் என்ற தந்தையும் அதே பெயருடைய மகனும் செய்த ஆர்கன் என்ற குழலிசைக் கருவியின் அழகிய மரப்பேழை அது. குழல்களில் ஒரு பகுதியைப் பெட்டிக்குள் அடைத்து, அதன் தட்டியைத் திறந்து மூடுவதன்மூலம் ஒலியைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் முறை இங்கிலாந்தில் முதலில் இங்கேதான் வந்தது. இன்று எந்த ஆலயத்திலும் பாட்டு மெல்லத் தொடங்கிப் பெருகுவதைக் கேட்டால், அதன் வழித்தோன்றலைக் கேட்கிறோம். கருவி பலமுறை மாற்றி அமைக்கப்பட்டிருந்தாலும் பேழை அதே பேழைதான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் அதிக நேரம் நிற்கப்போவது வாசலருகே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய லண்டன் பாலத்தின் மாதிரியிடம்தான். 1987-இல் செய்யப்பட்ட இது ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளம். இடைக்காலத்தில் இருந்த வண்ணம் வீடுகள், சிற்றாலயம், தெற்கு வாயில், வளைவுகளுக்கு அடியில் நுரைக்கும் நீர் எல்லாம் இருக்கின்றன. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மனித உருவங்களுக்கு நடுவே, இக்காலச் சீருடை அணிந்த ஒரே ஒரு காவலர் ஒளிந்திருக்கிறார். என் மகளுக்கு அவரைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரத்தில் அவள் பாலத்தின் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து முடித்துவிட்டாள். எந்த வழிகாட்டியும் இதைவிட நன்றாகக் கற்பித்திருக்க முடியாது. மாதிரியைப் பார்த்த பிறகு மீண்டும் வெளியே போய்க் கோபுர வளைவின் அடியில் நில்லுங்கள். அப்போதுதான் அந்த வளைவு எதற்கு என்று உடம்புக்கே விளங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. 1920-களில் எழுந்த அடிலெய்டு ஹவுஸ், பாலத்திலிருந்து கோபுரத்தைப் பார்க்கும் பார்வையைப் பெருமளவு மறைத்துவிட்டது; ஆற்றின் தென்கரைக்குப் போய்ப் பார்த்தால்தான் கோபுரத்தின் முழு அளவும் தெரியும். மேகமூட்டமான குளிர்கால நாளில் உட்புறம் இருண்டுவிடும். வெண்மையும் பொன்னும் கிடைக்க வெயில் வேண்டும், அதனால் கோடையில் நண்பகலை ஒட்டிப் போவது நல்லது. வாரநாட்களில் பகலில் திறந்திருக்கும் என்றாலும் நேரம் மாறக்கூடும். முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். நுழைவு இலவசம், காணிக்கைப் பெட்டி இருக்கிறது. பேராலயங்களில் கொடுக்கும் தொகையில் கால்பங்கை இங்கே போட்டால் கூட இந்த அளவு சிறிய பங்குக்கு அது பெரிய உதவி. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனேன், மூன்று முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையவில்லை.

ஜனவரியில் லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆண்டவரின் திருமுழுக்கு ஞாயிறன்று பூசை முடிந்ததும், இந்த ஆலயத்தார் சிலுவையும் தூபமும் ஏந்தி இப்போதைய லண்டன் பாலத்துக்கு ஏறிப் போகிறார்கள். எதிர்க்கரையிலிருந்து சதக் பேராலயத்தார் இன்னொரு பவனியாக வருகிறார்கள். இரண்டும் பாலத்தின் நடுவில் சந்தித்து, நதியில் உயிரிழந்தவர்களுக்காகவும் நதியை நம்பிப் பிழைப்பவர்களுக்காகவும் ஜெபித்து, ஒரு மரச்சிலுவையைத் தேம்ஸில் வீசுகிறார்கள். கையுறையும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். பாலத்தின்மேல் காற்று எலும்பைத் துளைக்கும். கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரருகே இடம் பிடித்தால், ஒரே பார்வையில் கீழே நீரும், இடப்பக்கம் மாக்னஸின் கோபுரமும் தெரியும்.